'ரெக்யூசன்ட்': 'மத மறுப்பாளர்' வேண்டாமே

வணக்கம். இங்கிலாந்தில் அரசுத் திருச்சபையின் கோயில் வழிபாட்டுக்கு வர மறுத்தவர்களைக் குறிக்கும் 'ரெக்யூசன்ட்' (recusant) என்ற சொல்லுக்குப் போன மடலில் தமிழாக வந்த 'மத மறுப்பாளர்' எனக்கு ஒப்பவில்லை. கேட்பவர் நாத்திகர் என்றுதான் நினைப்பார். இவர்களோ பெரும்பாலும் கதவைச் சாத்திக்கொண்டு பூசை கண்ட கத்தோலிக்கர்கள்.

சட்டம் எதைக் குற்றம் என்றது என்று பார்த்தால் சொல் கிடைத்துவிடும். இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் காலத்து 1559 ஒருசீர்மைச் சட்டம் (Act of Uniformity; இதை 'ஒருமைப்பாட்டுச் சட்டம்' என்று போடாதீர்கள், உறுதிமொழி எடுக்கச் சொல்வது போல இருக்கிறது) மனசுக்குள் எதை நம்புகிறாய் என்று துருவவில்லை, ஞாயிற்றுக்கிழமை உன் ஊர்ப் பங்குக் கோயிலுக்கு (அரசுத் திருச்சபையின் கோயில்) வந்தாயா என்றுதான் கேட்டது. தக்க காரணமில்லாமல் வராவிட்டால் தடவைக்கு 12 பென்ஸ் தண்டம், அது அந்தப் பங்கின் ஏழைகளுக்கு. 1581-ல் மாதம் 20 பவுண்டு ஆக்கினார்கள், அதிலும் மாதத்துக்கு 28 நாள் கணக்கு, ஆக வருஷத்துக்கு 13 மாதம், 260 பவுண்டு! கந்துவட்டிக்காரருக்குக்கூட இது தோன்றியிருக்காது.

அதனால் என் பரிந்துரை 'வாராதார்', குற்றத்துக்கு 'வாராமை'. 1592 முதல் கருவூலத்தில் இவர்களுக்கென்றே தனியாக எழுதிய தோல் சுருள்களை 'வாராதார் சுருள்' எனலாம். லத்தீன் வேருக்கு 'மறு' என்றுதான் பொருள், சரி, ஆனால் வேரைப் பெயர்த்துவைத்தால் ஆள் மாறிவிடுகிறாரே.

யார்க் நகரத்து மார்கரெட் கிளித்ரோவை எடுத்துக்கொள்ளுங்கள். கணவர் கசாப்புக் கடைக்காரர், புராட்டஸ்டன்ட், கோயிலுக்குப் போய்வந்தவர். மனைவி போகாததற்குத் தண்டம் கட்டியதும் அவர்தான். ஒரே வீட்டில் ஒருவர் வந்தார், ஒருவர் வாராதார். (1586-ல் அந்த அம்மாவைக் கொன்றது இதற்காக அல்ல. கத்தோலிக்கக் குருக்களுக்கு வீட்டில் இடம் கொடுத்த வழக்கில் வாய்திறக்க மறுத்ததால், உடம்பின்மேல் கதவை வைத்துப் பாரம் ஏற்றினார்கள்.)

சிக்கல் ஒன்று உண்டு. தண்டத்துக்குப் பயந்து வந்து உட்கார்ந்துவிட்டு, நற்கருணை (வழிபாட்டில் தரும் அப்பமும் திராட்சை ரசமும்) மட்டும் வாங்காமல் நழுவியவர்கள் இருந்தார்கள். தண்டனை பெற்றுப் பின்பு கோயிலுக்கு வரத் தொடங்கியவர்கள் வருஷத்துக்கு ஒரு முறையாவது நற்கருணை வாங்கியே தீரவேண்டும், தவறினால் முதல் வருஷம் 20 பவுண்டு, அடுத்து 40, அப்புறம் 60 என்று 1606-ல் சட்டம் போட்டார்கள். இவர்களை வாராதாரில் சேர்க்க முடியாது. 'வந்தும் வாங்காதார்' என்று விளையாட்டாக எழுதிப் பார்த்தேன், அவ்வளவு மோசமாக இல்லை.

வீடுகளில் தனியாகக் கூடி வழிபடுவதைத் தடுத்த சுவீடனின் 1726 ஆணைக்குப் போன மடலில் வந்த 'வீட்டுக்கூட்டத் தடை' அருமை, கைவைக்க வேண்டாம். 'வராதார்' என்று குறிலாகவே எழுதலாமா என்பதை மட்டும் இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.