டெக்சாஸில் எழுதிய ஜி.இ.டி.: சான்றிதழ் தொலைந்தால் யாரைக் கேட்பது?

கேள்வி
மனைவி 2009-இல் டெக்சாஸில் ஜி.இ.டி. (அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள் எழுதும், உயர்நிலைப் பள்ளிக்கு இணையான தேர்வு) தேறினார். இப்போது இருப்பது நியூ ஜெர்சி. வீடு மாற்றியதில் சான்றிதழ் போய்விட்டது. கம்யூனிட்டி காலேஜில் கேட்கிறார்கள். ஜி.இ.டி. தளத்தில் புதுக் கணக்கு திறந்தால் மதிப்பெண்ணே காட்டவில்லை. நியூ ஜெர்சி கல்வித் துறைக்கு எழுத வேண்டுமா?

பதில் 1
வேண்டாம் சார். எங்கே குடியிருந்தாலும் பதிவு தேர்வெழுதிய மாநிலத்திடம்தான். 2014-இல் தேர்வு கணினிக்கு மாறி, ஐந்து தாள் நான்கானது. பழைய தாள்கள் புதுக் கணக்கில் தெரியாததில் வியப்பில்லை. டெக்சாஸ் எஜுகேஷன் ஏஜென்சி (அந்த மாநிலக் கல்வித் துறை) தளத்தில் சான்றிதழ் தேடும் பக்கம் இருக்கிறது. அடையாள எண், பிறந்த தேதி போட்டுத் தேடி, கட்டணமில்லாமல் அச்செடுக்கலாம். இப்போதுள்ள எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி எண்) போட்டு வரவில்லையென்றால், அன்று எந்த எண் கொடுத்தார் என்று பாருங்கள். எச்4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கான விசா) எஸ்எஸ்என் இல்லாமல் எழுதியவர்களுக்கு இடறுவது அங்கேதான்.

பதில் 2
பெயரையும் பாருங்க. நம்ம ஊர் பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தால், விசாவில் முழுப் பெயரும் சர்நேம் ஆகி, முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யு' (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழும். தேர்வுப் பதிவும் அப்படியே இருக்கலாம். விண்ணப்பத்தில் அன்றைய பெயரை எழுத்து மாறாமல் எழுதுங்க. கணவர் பெயர் சேர்ந்தது பிறகு என்றால் அதைப் போடாதீங்க. நகலும் பழைய பெயரில்தான் வரும். காலேஜுக்கு அதோடு திருமணச் சான்றிதழ் நகலையும் வைத்தால் போதும்.

கேள்வி கேட்டவர்
பாஸ்போர்ட்டில் சர்நேம் காலிதான்! நானே விண்ணப்பிக்கலாமா? என் தங்கை நியூயார்க்கில் ஜி.இ.டி. போன்ற டாஸ்க் தேர்வை எழுதினாள், அவளுக்கும் இதே வழியா?

பதில் 1
மனைவி பெயரில், அவர் கையெழுத்தோடுதான் போக வேண்டும். எழுத்தில் சம்மதம் இல்லாமல் கணவருக்கும் தர மாட்டார்கள். டாஸ்க் தேர்வு 2021 முடிவோடு நின்றுவிட்டது, ஆனாலும் பதிவு நியூயார்க் மாநிலக் கல்வித் துறையிடம் இருக்கும்.

பதில் 3
விண்ணப்பிப்பதற்கு முன் காலேஜுக்கு ஒரு போன் போடுங்கள். பல இடங்களில் அழகான சான்றிதழ்த் தாளைவிட, மாநிலம் நேரடியாக அனுப்பும் டிரான்ஸ்கிரிப்ட்தான் (மதிப்பெண் பட்டியல்) செல்லும். உறையில் வந்தால் பிரிக்காமல் கொடுங்கள், பிரித்தால் அது 'அஃபிஷியல்' கணக்கில் சேராது. கூகுளில் மேலே நிற்கும் 'இரண்டே நாளில் டூப்ளிகேட்' விளம்பரங்களைத் தொடவே தொடாதீர்கள். அங்கே விற்பது வெறும் அச்சு. காலேஜ் மாநிலத்தில் சரிபார்த்தால் போலி என்று ஆகிவிடும்.