புதுப்பிப்பு: பனி ஏரிக்கு எந்தக் கூடாரம்?

உறைந்த ஏரியின் மேல் உட்கார்ந்து மீன் பிடிக்க மலிவான ஒற்றைத்துணிக் கூடாரமா, இரு மடங்கு விலையில் பஞ்சு வைத்துத் தைத்ததா என்று டிசம்பரில் கேட்டிருந்தேன். நண்பரின் மலிவுக் கூடாரத்தை இரவல் வாங்கிக்கொண்டு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள சிம்கோ ஏரிக்குப் போனேன். ஹீட்டர் போட்ட அரைமணியில் கூரையில் நீர் கோத்துக் கழுத்துக்குள் சொட்டியது. காற்று எழுந்ததும் கம்பி ஒன்று பிளந்தது. தூண்டிலை விட்டுவிட்டுக் கூடாரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பெர்ச் மீன் ஒன்றுகூட இல்லை.

பஞ்சு வைத்ததையே வாங்கிவிட்டேன். கனம்தான், இழுத்துப் போக மூச்சு வாங்குகிறது. ஆனால் சொட்டவில்லை. தரைப்பரப்பு 7 சதுர மீட்டருக்குள் இருப்பதால் ஒன்டாரியோவில் துணிக்கூடாரத்தை அரசிடம் பதிவுசெய்யவும் வேண்டாம். ஹீட்டர் எரியும்போது மட்டும் காற்றுத்துளையைத் திறந்தே வைக்கிறேன். ஹீட்டர் விடும் நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடுக்குக் கூடாரத்தின் விலை வித்தியாசம் தெரியாது. நேற்று நான்கு பெர்ச், குழம்புக்குப் போதும்.