கொக்கரே பெள்ளூர்: புளிய மரத்துக்காரர்களுக்கு நாம் பணம் கொடுக்கலாமா?

அல்சூர்வாசி:
போன ஞாயிறு குடும்பத்தோடு, பறவைகள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும் கர்நாடகக் கிராமமான கொக்கரே பெள்ளூர் போய் வந்தேன். பெங்களூரிலிருந்து மைசூர் சாலையில் சுமார் 80 கிலோமீட்டர், மண்டியா மாவட்டம் மத்தூர் தாலுகா. வாசலில் நிற்கிற புளிய மரத்தில் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் (பெலிகன்) கூடு கட்டியிருக்கின்றன. கீழே மாடு கட்டியிருக்கிறது, பிள்ளைகள் ஓடியாடுகிறார்கள், பறவைகள் கண்டுகொள்வதே இல்லை. பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேச்சே வரவில்லை.

கூடு இருக்கிற மரத்துக்கு வனத்துறை பணம் கொடுக்கிறது. அது போதாது, நம் குழு நிதியிலிருந்தும் கொடுக்கலாம் என்று போன கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. நான் எதிர்க்கிறேன். சிவகங்கைப் பக்கம் கொள்ளுகுடிப்பட்டியில் வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. காசு வாங்கியா செய்கிறார்கள்? பணத்தைப் பழக்கிவிட்டால், அது நிற்கிற வருடம் மரத்தை வெட்டிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம் வாங்கிக் கொடுப்போம்.

மாசிப்புளி:
அண்ணா, நான் கிருஷ்ணகிரிப் பக்கம். எங்கள் வீட்டில் இரண்டு புளிய மரம். மாசி, பங்குனியில் பழம் உலுக்கி விற்ற பணத்தில்தான் அடுத்த வருடப் பள்ளிச் செலவு. பெள்ளூரில் அதே மாதங்களில்தான் மேலே குஞ்சு இருக்கும். கிளையை உலுக்க முடியாது, தடியால் தட்ட முடியாது, எச்சம் பட்ட பழத்தை வியாபாரி தொட மாட்டார். ஒரு வருடம் இல்லை, ஒவ்வொரு வருடமும்.

வேட்டங்குடியில் பறவைகள் தங்குவது கண்மாய் மரங்களில். யார் வீட்டு வருமானமும் போவதில்லை. வேடந்தாங்கலில் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கே உரம். அதனால்தான் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே அந்த ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய், பறவைகளைச் சுடக்கூடாது என்று உத்தரவு வாங்கினார்கள். பெள்ளூரில் மரம் ஒரு குடும்பத்துடையது, நஷ்டமும் அந்தக் குடும்பத்துக்கே. அன்பு இருப்பதால்தான் இன்னும் வெட்டாமல் வைத்திருக்கிறார்கள். அதற்காக நஷ்டத்தையும் அவர்களே சுமக்கட்டும் என்பது நியாயமா?

அல்சூர்வாசி:
பெள்ளூரிலும் மரத்தடி எச்சத்தை எருவாக அள்ளுகிறார்களே அம்மா.

மாசிப்புளி:
அள்ளுகிறார்கள். ஒரு மரத்துப் புளிக்கு அது ஈடாகுமா?

சிம்ஷாக்கரை:
வேலை விஷயமாக எட்டு வருடம் மண்டியாவில் இருந்தவன். நீங்கள் இருவரும் மரத்தை விட்டு இறங்கவே இல்லை. 2017 கடைசியில் தொடங்கி 2018-லும் அங்கே கூழைக்கடாக்கள் ஒவ்வொன்றாகச் செத்து விழுந்தன. பிரேதப் பரிசோதனையில் உள்ளே புழுக்கள். மீனிலிருந்து ஏறியது என்றார்கள். பறவை கூடு கட்டுவது பெள்ளூரில், ஆனால் மீன் பிடிப்பது சிம்ஷா ஆற்றிலும் சுற்றியுள்ள ஏரிகளிலும். அந்தத் தண்ணீர் கெட்டால் எத்தனை புளிய மரம் இருந்து என்ன?

அப்புறம், ஊர்க்காரர்கள் சும்மா இல்லை. 'ஹெஜ்ஜார்லே பளகா' என்று ஒரு குழு உண்டு. கன்னடத்தில் ஹெஜ்ஜார்லே என்றால் கூழைக்கடா, பளகா என்றால் சொந்தபந்தம். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து, மீன் கொடுத்து, பறக்கும் வரை வளர்க்கிறார்கள். 2007-ல் அந்த இடம் சமுதாயக் காப்பகம் (ஊர்மக்களும் சேர்ந்து பாதுகாக்கும் இடம்) என்று அறிவிக்கப்பட்டதற்குப் பல வருடம் முன்பே தொடங்கிய வேலை இது. குஞ்சுக்கு மீன் வாங்கப் பணம் வேண்டாமா? என் ஓட்டு அதற்கு.

அல்சூர்வாசி:
பழம் உலுக்க முடியாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வெளியூரிலிருந்து நாம் போய் ஒரு மரத்துக்குக் கொடுத்து, அடுத்த வீட்டு மரத்தை விட்டால் ஊருக்குள் மனஸ்தாபம் வரும். எந்த மரத்தில் எத்தனை கூடு என்று யார் எண்ணுவது?

மாசிப்புளி:
அதை அந்த ஊர்க்காரர்கள்தான் சொல்ல வேண்டும். ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த மாதம் 40 பேர் பஸ்ஸில் போவதாகத் திட்டம் இருக்கிறதே, அதைத் தள்ளிப் போடுங்கள், இப்போது குஞ்சுகள் இருக்கின்றன. பறவைகள் கிளம்பியதும் ஜூலையில் நாலைந்து பேர் மட்டும் போவோம். மரத்துக்காரர்களையும் பளகாக்காரர்களையும் சேர்த்து உட்கார வைத்துக் கேட்போம். கன்னடம் நன்றாகப் பேசத் தெரிந்தவர் ஒருவர் கூட வர வேண்டும்.

சிம்ஷாக்கரை:
நான் வருகிறேன்.