தற்காப்பு வாதத்தை மெய்ப்பிக்கும் சுமை யாருக்கு?

கேள்வி: கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர், தம் உயிரைக் காக்கவே தாக்கியதாகச் சொன்னால், அதை ஐயத்திற்கிடமின்றி அவரே மெய்ப்பிக்க வேண்டுமா?

பதில் 1: வேண்டியதில்லை. பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 105ஆம் பிரிவு சுமையை அவர்மீது வைத்தாலும், அவர் சொல்வதே நடந்திருக்கக்கூடியது என்று நீதிமன்றம் கருதும் அளவுக்குக் காட்டினால் போதும். தனிச் சாட்சி இல்லாமல், அரசுத் தரப்புச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தே அதை வெளிக்கொணரலாம். அதற்குப் பதிலாக வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இதே நிலைதான்.

பதில் 2: வாதம் பெரும்பாலும் தோற்பது அளவில்தான். இந்தியத் தண்டனைச் சட்டத்திற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 37ஆம் பிரிவின்படி தேவைக்கு மிஞ்சிய தீங்கு கூடாது. விழுந்துகிடப்பவரை மீண்டும் வெட்டியது தற்காப்பாகாது.

கேள்வி கேட்டவர்: திடீர்ச் சினமூட்டல், அதாவது பிறர் திடீரெனச் சினமூட்டியதால் தன்னிலை இழந்து தாக்கியதாகச் சொல்லும் வாதமும் இதுபோன்றதா?

பதில் 1: இல்லை, அது கொலைக் குற்றத்தின் கடுமையைக் குறைக்குமே தவிர விடுதலை தராது. மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கில், அவர் வீட்டைவிட்டுச் சென்றதற்கும் சுட்டதற்கும் இடையே ஏறக்குறைய 3 மணி நேரம் கடந்திருந்ததால், உச்ச நீதிமன்றம் 1961இல் அதை ஏற்கவில்லை.