ப்ராக்ஸ்மாக்ஸ்: கன்டெய்னரிலிருந்து ஹோஸ்டுக்கு பிங் போகுது, அதைத் தாண்டிப் போகலை

கேள்வி:
வணக்கம். வாடகை சர்வர் ஒன்றில் ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரே கணினியில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) ஓடுகிறது. பொது ஐபி ஒன்றே ஒன்றுதான், அது விஎம்பிஆர்0 என்ற பிரிட்ஜில் (மென்பொருளால் ஆன நெட்வொர்க் ஸ்விட்ச்). மூன்று எல்எக்ஸ்சி கன்டெய்னர்களுக்காக (ஹோஸ்டின் கெர்னலிலேயே தனித்தனியாக ஓடும் லினக்ஸ் அமைப்புகள்) விஎம்பிஆர்1 என்று தனி பிரிட்ஜ் போட்டேன். அதில் நெட்வொர்க் கார்டு எதையும் சேர்க்கவில்லை. பிரிட்ஜ் முகவரி 10.10.10.1/24, கன்டெய்னர்கள் 10.10.10.11 முதல் 13 வரை.

இதுவரை அவை தங்களுக்குள் மட்டும் பேசிக்கொண்டிருந்தன, இணையம் தேவைப்படவில்லை. இப்போது அப்டேட் செய்வதற்காக கேட்வே (வெளியே போகும் வழி) கொடுத்து, மாஸ்க்கரேட் விதியும் (உள் முகவரியை ஹோஸ்டின் பொது ஐபியாக மாற்றி வெளியே அனுப்புவது) சேர்த்தேன். 10.10.10.1-க்கு பிங் போகிறது. இணையத்தில் உள்ள 8.8.8.8-க்குப் போட்டால் பதிலே இல்லை. கூடுதல் கூத்து, 11-லிருந்து 12-க்கும் இப்போது போகவில்லை! ரீபூட் இரண்டு தடவை ஆயிற்று. ஹோஸ்டில் இணையம் நன்றாகவே இருக்கிறது.

பதில் 1:
ஐபி ஃபார்வர்டிங் (ஒரு நெட்வொர்க்கில் வந்த பாக்கெட்டை இன்னொன்றுக்குக் கடத்துவது) ஆன் செய்தீர்களா? முன்னிருப்பில் அது 0. அதை 1 ஆக்காமல் மாஸ்க்கரேட் மட்டும் போட்டால் பாக்கெட் ஹோஸ்டிலேயே நின்றுவிடும். மாஸ்க்கரேட் விதியில் வெளியேறும் இன்டர்ஃபேஸ் விஎம்பிஆர்0 என்று இருக்கிறதா என்றும் பாருங்க. பலர் அங்கே கார்டின் பெயரை எழுதிவிடுவார்கள். ஐபி இருப்பது பிரிட்ஜில், கார்டில் இல்லை.

பதில் 2:
எதுக்கு இவ்வளவு சுற்று? கன்டெய்னரை நேரா விஎம்பிஆர்0-வில் மாட்டிப் பாருங்க.

கேட்டவர்:
விதியில் விஎம்பிஆர்0 என்றுதான் இருக்கிறது. ஃபார்வர்டிங் மதிப்பு ஏற்கெனவே 1. நான் எங்கேயும் எழுதியதாக நினைவில்லை, ஆனால் 1 என்றே காட்டுகிறது.

பதில் 3:
முதலில், பதில் 2 சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீங்க. கன்டெய்னர் தன் சொந்த மேக் முகவரியோடு (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) வெளியே போகும். வாடகை சர்வர் தருபவர்கள் பலர், பதிவு செய்யாத மேக் முகவரியைப் பார்த்தால் போர்ட்டையே முடக்கிவிடுவார்கள். அப்புறம் ஹோஸ்டுக்கே எட்ட முடியாது. வீட்டு லேப் என்றால் அது நல்ல யோசனை, இங்கே இல்லை.

இனி விஷயத்துக்கு. எல்லோரும் 8.8.8.8-ஐயே பார்க்கிறோம், எனக்கு உறுத்துவது 11-லிருந்து 12. ரெண்டும் ஒரே பிரிட்ஜ், ஒரே சப்நெட். அங்கே கேட்வேக்கும் வேலை இல்லை, மாஸ்க்கரேடுக்கும் வேலை இல்லை. அதுவே ஓடவில்லை என்றால் நடுவில் எதுவோ பாக்கெட்டைத் தின்கிறது. அப்புறம், நீங்கள் எழுதாத 1-ஐ எழுதியது யார்? ஹோஸ்டில் டாக்கர் (செயலிகளைக் கன்டெய்னரில் ஓட்டும் இன்னொரு மென்பொருள்) போட்டீங்களா?

இரண்டு இடம் பாருங்க. ஐபிடேபிள்ஸில் (லினக்ஸ் ஃபயர்வால்) ஃபார்வர்ட் செயினின், அதாவது ஹோஸ்டைக் கடந்து போகும் பாக்கெட்டுக்கான விதிகளின், முதல் வரியில் பாலிசி என்ன, பாக்கெட் எண்ணிக்கை ஏறுகிறதா. அடுத்து பிரிட்ஜ்-என்எஃப்-கால்-ஐபிடேபிள்ஸ் (பிரிட்ஜுக்குள் ஓடும் பாக்கெட்டும் ஐபிடேபிள்ஸ் வழியாகப் போக வேண்டுமா என்ற அமைப்பு) மதிப்பு 0-வா 1-ஆ.

கேட்டவர்:
பாலிசி டிராப் (எந்த விதியிலும் சேராத பாக்கெட்டைக் கைவிடு). பிங் போட்டுக்கொண்டே பார்த்தேன், எண்ணிக்கை ஒவ்வொன்றாக ஏறுகிறது. அந்த மதிப்பும் 1. டாக்கர்... ஆமாம், போன வாரம் ஒரு டாஷ்போர்டு போட்டுப் பார்க்கலாம் என்று நிறுவினேன். கன்டெய்னர்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நினைத்துச் சொல்லாமல் விட்டேன், மன்னிக்கவும்.

பதில் 3:
பரவாயில்லை, இதில் விழாதவர் குறைவு. டாக்கர் கிளம்பும்போது ஃபார்வர்டிங் 0 ஆக இருந்தால் தானே அதை 1 ஆக்கும். கூடவே, ஹோஸ்ட் திறந்த ரவுட்டராகிவிடக் கூடாது என்று ஃபார்வர்ட் பாலிசியை டிராப் ஆக்கும். ஏற்கெனவே 1 இருந்தால் பாலிசியைத் தொடாது. உங்கள் பிங் 10.10.10.1-க்குப் போனதற்கும் காரணம் இதுதான்: அது ஹோஸ்டுக்கே வரும் பாக்கெட், இன்புட் செயினில் போகும். பிரிட்ஜுக்குள் ஓடுவது சாதாரணமாக ஐபிடேபிள்ஸ் பக்கம் வராது. அந்த இரண்டாவது மதிப்பு 1 ஆனதால்தான் 11-12 பேச்சும் அதில் மாட்டியது.

இப்போதைக்கு பாலிசியை அக்செப்ட் ஆக்குங்க, உடனே ஓடும். நிலைக்க வேண்டுமானால் இன்டர்ஃபேசஸ் கோப்பில் விஎம்பிஆர்1 பகுதியில் போஸ்ட்-அப் வரியாக (பிரிட்ஜ் எழுந்ததும் ஓடும் கட்டளை) ஃபார்வர்டிங்கை 1 ஆக்குங்க; நெட்வொர்க் டாக்கருக்கு முன்பே எழும். ஆனால் என் கருத்தைக் கேட்டால், டாக்கரை ஹோஸ்டிலிருந்து எடுத்துவிட்டு ஒரு விஎம்-க்குள் (மெய்நிகர் கணினி) வையுங்க. ஹைப்பர்வைசரில் (விஎம்-களை ஓட்டும் ஹோஸ்டில்) இரண்டு பேர் ஐபிடேபிள்ஸை எழுதினால் அடுத்த மாதம் வேறு வடிவில் இதே தலைவலி வரும்.

பதில் 1:
டாக்கரை நீக்கினாலும் பாலிசி தானாகத் திரும்பாது, ரீபூட் வரை டிராப்பாகவே இருக்கும். கவனம்.

கேட்டவர்:
டாக்கரை எடுத்து, போஸ்ட்-அப் வரி சேர்த்து, ரீபூட் செய்தேன். 11, 12, 13 மூன்றும் 8.8.8.8-ஐத் தொடுகின்றன, தங்களுக்குள்ளும் பேசுகின்றன. அப்டேட் மட்டும் பெயர் கிடைக்காமல் நின்றது: ஹோஸ்டின் டிஎன்எஸ் (பெயரை ஐபியாக மாற்றும் சேவை) 127.0.0.1, அதாவது தன்னையே குறிக்கும் முகவரி; கன்டெய்னர்கள் அதையே எடுத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் டிஎன்எஸ் முகவரியைத் தனியாகக் கொடுத்தேன். இப்போது பேக்கேஜ்கள் இறங்கிக்கொண்டிருக்கின்றன.