அம்மோனியம் நைட்ரேட் கிரிஸ்டல்ல ஈரப்பதம், சிமுலேஷன்ல கரையவே மாட்டேங்குது

கேள்வி: இந்த உப்புல ஸ்லாப் (தட்டையான கிரிஸ்டல் பலகை) ஒண்ணு கட்டி மேல எஸ்பிசி/ஈ (தண்ணி மூலக்கூறுக்கான ஒரு கம்ப்யூட்டர் மாடல்) தண்ணி போட்டு மாலிக்யூலர் டைனமிக்ஸ் (அணுக்கள் எப்படி நகரும்னு கணக்குப் போடுற சிமுலேஷன்) ஓட்டுறேன், 50 நானோசெகண்ட் ஆச்சு, ஒரு அயனி கூட கழண்டு வரல, நிஜத்துல 25 டிகிரில காத்துல ஈரப்பதம் 60 சதவீதம் தாண்டினாலே கசிஞ்சு கரைய ஆரம்பிக்கிற உப்பு இது. எங்க தப்பு?

பதில் 1: மேற்பரப்பு வழவழன்னு ஃப்ளாட்டா வெட்டியிருக்கீங்களா? அப்ப நகராதுதான். கரையிறது ஓரத்துலயும் மூலையிலயும்தான் ஆரம்பிக்கும், அங்க அயனிக்கு அண்டை அயனிங்க கம்மி, தண்ணி ஈசியா சுத்தி வளைச்சிடும். ஒரு படிக்கட்டு விளிம்பு வெட்டிப் பாருங்க.

பதில் 2: சார்ஜ் என்ன வச்சிருக்கீங்க? முழு +1, −1 போட்டா அயனிங்க ஒண்ணையொண்ணு ரொம்பவே இறுக்கிப் பிடிச்சுக்கும், கொஞ்சம் குறைச்சு ஸ்கேல் பண்ணா தேவலை, ஆனா லாட்டிஸ் எனர்ஜி (அயனிங்களைக் கிரிஸ்டலா கட்டி வைக்கிற ஆற்றல்) மாறும், அதையும் செக் பண்ணிக்கோங்க.

கேள்வி கேட்டவர்: முழு சார்ஜ்தான் ப்ரோ, சர்ஃபேஸும் ஃப்ளாட் 😅 ரெண்டையும் மாத்திப் பாக்குறேன்.

பதில் 3: டெம்பரேச்சரையும் கவனிங்க. 32 டிகிரி கிட்ட இந்த உப்போட நாலாம் ஃபேஸ் (அயனிங்க கிரிஸ்டலுக்குள்ள அடுக்கியிருக்கிற விதம்) மூணாம் ஃபேஸா மாறும், அதுக்கே கொஞ்சம் ஈரம் வேணும், நல்லா காஞ்சிருந்தா மூணைத் தாண்டி நேரா ரெண்டுக்குப் போயிடும். உரம் மூட்டைல கட்டி தட்டுறதுக்கு இதுவும் ஒரு காரணம்.