விலை குறைந்த ஜப்பான் கத்தி: உங்கள் கைக்கு எப்படி இருந்தது?

முதல் பதிவு

டோக்கியோ கப்பாபாஷி கடைத்தெருவில் வாங்கியது. டோஜிரோ நிறுவனத்தின் டிபி வரிசைக் கியூட்டோ, அதாவது எல்லா வேலைக்கும் ஆகும் சமையல் கத்தி; அலகு 210 மில்லிமீட்டர். உள்ளே விஜி-10 என்ற கடினமான, எளிதில் துருப்பிடிக்காத எஃகு, வெளியேயும் துருப்பிடிக்காத எஃகுதான். என் மனதை விட்டுப் போகாதது ஒரு தக்காளிதான். நன்றாகப் பழுத்துத் தொளதொளவென்று இருந்தது. கத்தியை மேலே வைத்து இழுத்தேன், அழுத்தவே இல்லை. தோல் அப்படியே விலகியது, சதை நசுங்கவில்லை. இத்தனைக்கும் அது கடையில் வந்த கூர் இல்லை. அது மழுங்கிய பிறகு 1000 கிரிட் (நடுத்தரச் சொரசொரப்பு) சாணைக்கல்லில் தீட்டி, விளிம்பில் மிஞ்சிய பிசிறை எடுத்த கூர். பெட்டியைத் திறந்த அன்றே தாளை வெட்டிக் காட்டி மதிப்பெண் போடுபவர்களை அதனால்தான் நான் நம்புவதில்லை.

மறுமொழி 1

தக்காளி சரி. தடித்த கேரட்டை வெட்டிப் பார்த்தீர்களா? என்னிடம் இருந்த ஒரு மலிவு சான்டோக்கு (ஜப்பானியப் பொதுச் சமையல் கத்தி), வெங்காயத்தில் பிரமாதம். கேரட்டில் பாதி இறங்கியதும் ‘டக்’கென்று பிளந்து, துண்டு அடுப்புப் பக்கம் தெறித்தது. விளிம்புக்கு மேலே தடிமன் அதிகம். எவ்வளவு கூர் ஏற்றினாலும் அது தீராது.

மறுமொழி 2

கேரட்டை வைத்துக் கத்தியை ஒதுக்குவது நியாயமே இல்லை. அந்தத் தடிமனைக் கல்லில் தேய்த்து மெலிதாக்கலாம், பொறுமைதான் வேண்டும். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். விருந்துக்கு வந்த மாமா கபோச்சா என்ற கெட்டியான ஜப்பான் பூசணியில் கத்தியை இறக்கி, மாட்டிக்கொண்டதும் பக்கவாட்டில் திருகினார். விளிம்பில் பிறை மாதிரி ஒரு துணுக்கு போய்விட்டது. எஃகின் கடினத்தைக் காட்டும் ராக்வெல் அளவில் விஜி-10 60ஐ ஒட்டி இருக்கும். ஜெர்மன் கத்திகள் பெரும்பாலும் 56 முதல் 58 வரைதான், அவை வளையும்; இது உதிரும். எனவே எலும்பு, தேங்காய், உறைந்த இறைச்சி எதையும் இதில் வெட்டாதீர்கள். கண்ணாடிப் பலகை வேண்டவே வேண்டாம், மரப்பலகை வாங்குங்கள். வெட்டியதை வாரும்போது கத்தியின் முதுகால் வாருங்கள். இழுத்துத் தீட்டும் மலிவுக் கருவிகளைத் தூரப் போடுங்கள். பக்கத்துக்கு 15 டிகிரி அளவில் சாய்த்துத் தீட்டினால் போதும். கழுவியதும் துடைத்துவிடுங்கள், பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடாதீர்கள்.

மறுமொழி 3

விஜி-10 வைத்திருப்பவர்களுக்குத் துரு பயம் அவ்வளவாக இல்லை. என்னுடையது எளிதில் துருப்பிடிக்கும் கார்பன் எஃகில் செய்த நக்கிரி, அதாவது காய்கறி வெட்டும் கத்தி. ஊறுகாய்க்கு எலுமிச்சை நறுக்கினேன், வேலை முடிவதற்குள் அலகு சாம்பல் நிறமாகிவிட்டது. ஒரு துண்டை வாயில் போட்டால் இரும்பு வாடை. கூர் மட்டும் அபாரம், கல்லில் கொஞ்சம் தேய்த்தாலே ஏறிவிடுகிறது. எலுமிச்சைக்கு இப்போது வேறு கத்திதான்.